புத்ராஜெயாவுக்கு, செத்துப்போன கைப்பேசிகள் சார்பில்

பெறுநர்: உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சு, புத்ராஜெயா.

அனுப்புநர்: லோகோவைத் தாண்டி உள்ளே போக மறுக்கும் கைப்பேசிகளை வைத்திருக்கும் ஜொகூர்வாசிகள்.



முதலில் நன்றி. 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 37ஆவது பிரிவு, பொருளைத் தயாரித்தவர் பழுதுபார்க்கும் வசதியும் உதிரிப் பாகமும் நியாயமான காலத்துக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும் என்கிறது. அருமையான பிரிவு. அப்போது உதிரிப் பாகம் என்றால் ஆண்டெனா, பேட்டரி, பட்டன். இன்று அந்த வரிசையில் போனை இயக்கும் ஃபர்ம்வேர் என்ற கோப்பும் சேர்ந்துவிட்டது. அமைச்சு இன்னும் ஆண்டெனாவிலேயே நிற்கிறது.

அதிகாரிகள் ஒரு சனிக்கிழமை ஜொகூர் பாரு ஹாலிடே பிளாசாவுக்கு வரலாம். சிங்கப்பூர்க்காரர்களும் தேடி வரும் கைப்பேசிக் கடைகள் அங்கே உண்டு. உயிர் போன சாம்சங் வந்தால், கடைக்காரர் ஒலியைக் கூட்டும் பட்டனையும் குறைக்கும் பட்டனையும் சேர்த்து அழுத்திக் கேபிளைச் செருகுவார். கணினியில் ஒடின் மென்பொருள் திறக்கும். பிஎல், ஏபி, சிபி, சிஎஸ்சி என்று நான்கு கோப்புகள். கடைசியில் ஹோம் சிஎஸ்சி போட்டால் படங்கள் தப்பும். வெறும் சிஎஸ்சி போட்டால் மகள் கல்யாணப் படங்கள் மொத்தமும் போச்சு. போனைத் துவக்கும் பூட்லோடரின் பழைய பதிப்புக்குத் திரும்பவும் வழியில்லை, போனே மறுத்துவிடும்.

இவ்வளவு வேலை பார்க்கும் ஒடினைச் சாம்சங் பொதுமக்களுக்கென்று வெளியிட்டதே இல்லை. கசிந்த பிரதிதான் கடைகளில் ஓடுகிறது. ஆக, 37ஆவது பிரிவின் உதிரிப் பாகம் ஜொகூரில் தாராளமாகக் கிடைக்கிறது, யாராவது கசியவிட்டால்.

ஷாவ்மி வேறு ரகம். பூட்லோடரைத் திறக்க 168 மணி நேரம் காத்திருக்கச் சொன்னது. ஜொகூர் பாலத்தில் வரிசை நின்று பழகிய மக்கள், பொறுத்துக்கொண்டார்கள். அதன் ஹைப்பர்ஓஎஸ் இயங்குதளம் வந்தபின் அனுமதிக்கே கோட்டா. பெய்ஜிங் நள்ளிரவில் முண்டியடிக்க வேண்டும். பெய்ஜிங் நேரமும் மலேசிய நேரமும் ஒன்றாக இருப்பது மட்டுமே ஜொகூருக்குக் கிடைத்த சலுகை. ஹுவாவேக்கு இந்தத் தொல்லையும் இல்லை; 2018இலேயே திறப்புக் குறியீடு தருவதை நிறுத்திக்கொண்டது.

ஐபோனைக் கணினியில் மீட்கலாம்தான், ஆப்பிளின் சர்வர் ஒப்பம் போட்டால். வெளிக்கடையில் ஹோம் பட்டன் மாற்றிய ஐபோன்கள் 'எர்ரர் 53' காட்டிச் செத்த கதை 2016இல் வெடித்தது. ஆஸ்திரேலியாவின் போட்டி, பயனீட்டாளர் ஆணையம் நீதிமன்றம் போனது. 2018இல் ஆப்பிளுக்கு 90 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம். அங்கும் ஓர் அலுவலகம்தான், மேசை நாற்காலிதான். ஐரோப்பிய ஒன்றியமோ 2025 ஜூன் 20 முதல், கைப்பேசிக்கு 7 ஆண்டு உதிரிப் பாகமும் 5 ஆண்டு மென்பொருள் புதுப்பிப்பும் கட்டாயம் என்றுவிட்டது.

இந்தப் பூட்டெல்லாம் திருடனுக்குத்தான் என்பார்கள் நிறுவனத்தார். இருக்கட்டும். திருட்டுப் போனைத் திறக்கும் உரிமையை இங்கே யாரும் கேட்கவில்லை. ரசீது வைத்திருப்பவர், தன் போனுக்குரிய அசல் கோப்பைக் கேட்கிறார்.

ஆகவே, 'உதிரிப் பாகம்' என்பதில் ஃபர்ம்வேரும் அதை ஏற்றும் மென்பொருளும் அடங்கும் என்று சட்டத்தில் ஒரு வரி சேர்க்குமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்ளப்படுகிறது. பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டினால் 50,000 ரிங்கிட் வரை இழப்பீடு கேட்கலாம் என்பதும் ஜொகூரில் பலருக்குத் தெரியும். மனுக்கள் வரத் தொடங்கும் முன் அந்த ஒரு வரி வந்துவிட்டால் எல்லாருக்கும் நல்லது.