காற்றில் பேச ஒரு லைசென்ஸ்

கேள்வி: ஹாம் ரேடியோ (பொழுதுபோக்காக வானொலி அலையில் பேசுவது) மீது ஆசை. பெட்டியை வாங்கியதும் பேசத் தொடங்கிவிடலாமா?
– வாசகர், ஹெப்பகோடி

பதில்: பேசலாம், அப்புறம் அதிகாரிகளும் உங்களோடு பேச வருவார்கள்! முதலில் மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் தேர்வில் தேறி, லைசென்ஸ் வாங்குங்கள். 12 வயது நிரம்பியிருந்தால் போதும். படிக்க வேண்டியது கொஞ்சம் ரேடியோ அறிவியல், கொஞ்சம் சட்டதிட்டம். ஆரம்ப நிலைக்கு ‘ரெஸ்ட்ரிக்டட்’ தரம், மோர்ஸ் தந்திக் குறியீடு தேவையில்லை. ‘ஜெனரல்’ தரத்துக்கு நிமிடத்துக்கு 8 சொல் வேகத்தில் மோர்ஸ் தெரிய வேண்டும். ராஜீவ் காந்திக்கும் லைசென்ஸ் இருந்தது; அவருடைய அழைப்புக்குறி ‘வியு2ஆர்ஜி’. பிரதமருக்கே அழைப்புக்குறி உண்டென்றால் நமக்கென்ன?

கேள்வி: செல்போன் இருக்கும்போது இது எதற்கு?

பதில்: செல்போன் இல்லாமல் போகும் நாளுக்காக! 2004 சுனாமியில் அந்தமானில் தொலைபேசிகள் செத்துக் கிடந்தன. அப்போது அங்கே ஹாம் ரேடியோவோடு போயிருந்த பாரதி பிரசாத் குழுதான் வெளியுலகுக்குச் சேதி அனுப்பியது. மற்ற நாட்களிலும் லாபம்தான்: நீங்கள் பெங்களூரு ஓசூர் ரோட்டில் சில்க் போர்டு நெரிசலைத் தாண்டும் நேரத்தில், மொட்டைமாடி ஆன்டெனாவிலிருந்து உலகைச் சுற்றிப் பேசிவிடலாம். ஆனால் நிபந்தனைகள் உண்டு: வியாபாரம் பேசக் கூடாது, பாட்டுப் போடக் கூடாது. இவை இல்லாமலும் பேச விஷயம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு விண்ணப்பியுங்கள்!