ரெண்டு விசா மாஸ்டர்

பூண்டுலோயா பஸ் நிலையத்தடியில் காலை எட்டு மணிக்கு பிளேன்டீ குடிக்கிற கூட்டத்தைப் பாருங்கள். சட்டைப்பையில் ரப்பர் வளையம் போட்ட இரண்டு பாஸ்போட்டோடு ஒருவர் நிற்பார். ஓய்வுபெற்ற தோட்டப் பள்ளிக்கூட ஆசிரியர், அமெரிக்கக் குடியுரிமை வாங்கிய மகன், நாளைக்கே பயணம் என்கிற முகம். அவர்தான் ரெண்டு விசா மாஸ்டர்.

பழைய பாஸ்போட்டில் பார்வையாளர் விசா. பேரப்பிள்ளை பிறந்தபோது கொள்ளுப்பிட்டித் தூதரகத்து ஜன்னலடியில் நின்று, "கட்டாயம் திரும்பி வந்திடுவேன் சேர், வீடு இருக்கு, பென்ஷன் இருக்கு, ஆடு ரெண்டு இருக்கு" என்று சொல்லி வாங்கியது. புதிய பாஸ்போட்டில் குடியேற்ற விசா. மகன் மனுப்போட்டு, இனி அங்கேதான் இருக்கப்போகிறேன் என்று அதே ஜன்னலில் சொல்லி வாங்கியது. இரண்டையும் மாஸ்டர் மனசாரத்தான் சொன்னார்.

வழக்கமாக இரண்டாவது கிடைக்கும்போது முதலாவதில் ரத்து முத்திரை விழுந்துவிடும். பழைய பாஸ்போட் அன்றைக்கு வீட்டு அலுமாரியில் கிடந்ததால் தப்பிவிட்டது. வந்தது வினை.

"முதல்ல விசிட்ல போய் ஒரு பார்வை பாத்துட்டு வந்திடுறேன் தம்பி. புடிச்சிருந்தா அடுத்த தடவை மத்ததுல போவோம்."

பெண் பார்க்கப் போகிற மாதிரி.

"அப்புடி ஏலாதாமே மாஸ்டர்" என்பார் கடைக்காரத் தம்பி. ஏலாதுதான். குடியேற எழுதிக்கொடுத்த ஆள் சுற்றிப்பார்க்க வந்தேன் என்று போய் நின்றால், விமான நிலையத்திலேயே கேள்வி வரும்; திருப்பி அனுப்பினாலும் அனுப்புவார்கள். குடியேற்ற விசாவில் நுழைந்துவிட்டாலோ பார்வையாளர் வேடம் அத்தோடு கலைந்தது. பிறகு ஒரு வருஷத்துக்கு மேல் ஊரில் தங்குவதற்கு முன்கூட்டியே அனுமதி எடுக்க வேண்டும். இவ்வளவும் மாஸ்டருக்குத் தெரியாதா? ஊருக்கே விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பவர் அவர்தான்.

மக்பெத் நாடகத்தில் காடே நடந்து டன்சினனுக்கு வரும் என்று வகுப்பில் நடித்தே காட்டியவர். எங்கள் டன்சினன் தோட்டத்தை விட்டு அவர்தான் ஓரடி நகர்வதாயில்லை.

மாஸ்டரின் அப்பா கதை வேறு. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், நாடற்றிருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கு பிரித்தது. மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கிவைத்தார்கள். இந்தியப் பங்கில் விழுந்த அப்பா, தான் பிறந்த லயத்துக் காம்பராவிலேயே விசா எடுத்துக் குடியிருந்தார். தகரப்பெட்டி கட்டித் தயாராக இருந்தது. 1984இல் தலைமன்னார்க் கப்பல் நின்றுபோனது. பெட்டியை யாரும் அவிழ்க்கவில்லை. உங்களைப் போன்றவர்களும் இலங்கைப் பிரஜைகள் ஆகலாம் என்று 2003இல் சட்டம் வந்தபோது அப்பா இல்லை.

இராத்திரியில் மாஸ்டர் இரண்டு பாஸ்போட்டையும் அந்தப் பெட்டிக்குள்தான் வைத்துப் பூட்டுகிறார்.

குடியேற்ற விசாவுக்குத் தந்த ஆறு மாதம் வருகிற மாதத்தோடு முடிகிறது. நேற்று மாலை மாஸ்டர் ஏணி வைத்து ஏறி, மழைக்கு முன்னால் கூரைத் தகரத்துக்குத் தார் பூசிக்கொண்டிருந்தார்.