மாத மாத்திரையும் கத்தரிக்கோலும்: மருந்துக்கடைத் தேர்வு குறித்த ஓர் ஆய்வு

நல்ல மருந்துக்கடை எது என்ற கேள்வி காய்ச்சல்காரருக்கு எழுவதில்லை. தெருமுனையில் எது திறந்திருக்கிறதோ அங்கே ஒரு பாராசிட்டமால் வாங்கிப் போட்டுக்கொண்டு படுத்துவிடுவார். இந்த ஆய்வு அவரைப் பற்றியதன்று. சுகர், பிரஷர், தைராய்டு ஆகியவற்றில் ஒன்றையேனும் உடையவராய், மடிப்பெல்லாம் கிழிந்த அதே சீட்டோடு மாதந்தோறும் கடைப்படி ஏறுபவரே இதன் ஆய்வுப்பொருள். வசதி கருதி அவரை ‘மாத மாத்திரையர்’ என்போம்.

முன்னைய ஆய்வாளர்கள் (பெரும்பாலும் காலையில் பூங்காவைச் சுற்றி நடப்பவர்கள்) கடையைத் தள்ளுபடியால் அளந்தனர். “அங்க 20 பர்சென்ட் குறைக்கிறான் சார்” என்பது அவர்தம் துணிபு. அது பொருந்தாது. 20 சதவீதம் குறைக்கிற கடையில் எழுதிய ஐந்தில் மூன்றுதான் இருக்கும். மீதி இரண்டைத் தேடி ஆட்டோவில் அலைந்தால் தள்ளுபடி மீட்டரில் போய்விடும்.

மெய்யான சிக்கல் அட்டைக் கணக்கில் இருக்கிறது. பிரஷர் மாத்திரை அட்டைக்கு 15. இதயத்துக்கு எழுதும் ஆஸ்பிரின் 14. சுகர் மாத்திரை 10, அதுவும் காலை ஒன்று, இரவு ஒன்று. தைராய்டு மாத்திரையோ 100 கொண்ட டப்பா. (கம்பெனிக்குக் கம்பெனி எண்கள் மாறும்; அவதி மாறாது.) முழு அட்டையாகவே வாங்கி நான்கையும் ஒரே நாளில் தொடங்குகிறவருக்கு, அவை மறுபடி ஒரே நாளில் தீர 2100 நாள் பிடிக்கும். ஏறத்தாழ ஐந்தே முக்கால் ஆண்டு. அதற்குள் டாக்டர் மாத்திரையை மாற்றிவிடுவார். சில வேளை நாமே டாக்டரை மாற்றிவிடுவோம். ஒன்று தீர்ந்து ஒன்று மிஞ்சி, மாத மாத்திரையர் கடைக்கு நடந்தபடியே இருப்பது இதனாலேதான்.

ஆகவே கடையின் தரத்தைக் காட்டும் கருவி கத்தரிக்கோல் என்பது எம் கருதுகோள். “எல்லாம் 30 நாளைக்கு வர்ற மாதிரி குடுங்கண்ணே” என்று சொல்லிப் பாருங்கள். “கட் பண்ண மாட்டோம் சார், ஃபுல் அட்டைதான்” என்றால் அது கீழ்நிலைக் கடை. “வீட்ல எத்தனை மிச்சம் இருக்கு?” என்று திருப்பிக் கேட்டால் தலைநிலை. அப்படிக் கேட்பவர் சீட்டைப் பார்க்காமல் ஆளைப் பார்த்தே மருந்தை எடுத்து வைப்பவராகவும் இருப்பார்.

அஃதேல், வெட்டுவது எளிதோ எனின், அன்று. பல அட்டைகளில் பேட்ச் எண்ணும் எக்ஸ்பைரி தேதியும் ஒரே ஓரத்தில்தான் பதிந்திருக்கும். அந்த ஓரம் நமக்கும் வேண்டும், கடையில் மிஞ்சும் பாதிக்கும் வேண்டும். கத்தரி பெரும்பாலும் கடையின் பக்கமே தீர்ப்புச் சொல்கிறது. நமக்கு வருவது ஊர்பேர் தெரியாத ஆறு மாத்திரை. இதற்குத் தீர்வு பில். பேட்சும் எக்ஸ்பைரியும் அச்சான பில்லைக் கேட்காமலே தருகிற கடைக்கு ஐந்து மதிப்பெண். “பில் வேணுமா?” என்று இழுப்பவருக்குச் சுழியம்.

சட்டமும் சிறிது பார்ப்போம். 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகளின்படி, திரும்பத் தரலாம் என்று டாக்டர் எழுதியிருந்தாலொழிய ஒரு சீட்டுக்கு ஒருமுறைதான் மருந்து. நடைமுறையில் சீட்டே தேவைப்படுவதில்லை. காலி அட்டையை நீட்டினால் போதும். சீட்டு மருந்துகளில் எழுதிய மருந்துக்குப் பதில் வேறொன்று தரக்கூடாது என்பதும் விதியே. “அதே மருந்துதான், கம்பெனிதான் வேற” என்பது அதற்குக் கடைகள் எழுதிக்கொண்ட உரை. உரை மருந்தளவில் சரியாகவே இருக்கலாம். ஆனால் வீட்டுப் பெரியவருக்கு மாத்திரை என்பது நிறம். ரோஸ் மாத்திரை வெள்ளையானால், பழையது ஒன்றும் புதியது ஒன்றுமாக இரண்டையும் விழுங்கிவிடுவார். டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, கம்பெனி மாறியதைக் கவர் மேல் பெரிதாக எழுதித் தருகிற கடைக்காரர் உண்டென்றால் அவரை விடாதீர்கள்.

2021-இல் தமிழ்நாட்டு அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், சுகர், பிரஷர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவருவதால் இவ்வாய்வின் அடிப்படையையே அசைத்துவிட்டது. 2025 பிப்ரவரியில் 1000 முதல்வர் மருந்தகங்கள் திறக்கப்பட்டு, ஜெனரிக் மருந்துகளைக் குறைந்த விலைக்குத் தருகின்றன. அங்கும் கத்தரிச் சோதனையைச் செய்து பார்க்க வாசகர்களை வேண்டுகிறோம்.

இன்சுலின் போடுபவருக்குத் தனியே ஒரு சொல். திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். கடையில் பிரிட்ஜைத் திறக்கும்போது எட்டிப் பாருங்கள். உள்ளே மல்லிகைச் சரமும் தயிர் பாக்கெட்டும் கிடந்து, இரவில் அதை அணைத்துவிட்டுப் போகிறார்கள் என்றும் தெரிந்தால், எவ்வளவு தள்ளுபடி தந்தாலும் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.