வரைவு நீட்டிப்போர்

அகப்பொருள் இலக்கணம் காதல் வாழ்வைக் களவு, கற்பு என இரண்டாகப் பகுத்து, பெற்றோர் அறியாமல் இருவர் கூடிப் பழகும் காலத்தைக் களவு என்றும், மணம் முடித்து இல்லறம் நடத்தும் காலத்தைக் கற்பு என்றும் கூறுகிறது. முன்னதிலிருந்து பின்னதற்குக் கடந்து செல்லும் வழியான திருமணத்துக்கு வரைவு என்று பெயர். இரவில் சந்திக்கும் இடத்தை இரவுக்குறி என்றும் பகலில் சந்திக்கும் இடத்தைப் பகற்குறி என்றும் தனித்தனியே பெயரிட்டு வைத்த அந்த இலக்கணிகளின் கட்டங்களில் அடங்காத ஓர் இணையைச் சென்னையிலும் கோவையிலும் இன்று தெருவுக்கு ஒன்றாகக் காணலாம். ஒன்பது ஆண்டுகளாகச் சேர்ந்திருக்கும் இவ்விருவரைப் பற்றி இரு வீட்டாருக்கும் மளிகைக் கடைக்காரருக்கும் தெரியும் என்பதால் அவர்களது உறவைக் களவில் சேர்க்க முடியாது. தாலியோ பதிவுச் சான்றிதழோ இல்லாததால் கற்பிலும் சேர்க்க முடியாது. திருமணம் பற்றிய பேச்சு மட்டும் ஆண்டுதோறும் நடந்து ஆண்டுதோறும் ஒத்திவைக்கப்படுவதால், இவர்களை வரைவு நீட்டிப்போர் என்று வழங்கலாம். வரைவை நீட்டிக்கும் காதலன் பழைய நூல்களுக்குத் தெரியாதவன் அல்லன்; ஆனால் இறையனார் களவியல் அந்த நீட்டிப்புக்கு இரண்டு திங்கள்தான் வரம்பு கட்டுகிறது. இன்றைய இணைக்கு அந்த அவகாசம், ஓட்டலில் யார் பில் கொடுப்பது என்ற பிரச்சினை தீர்வதற்கே போதாது.

இந்த இணையில் ஒருவர் நீட்டிப்பவர், மற்றவர் கடாவுபவர். தலைவனை விரைந்து மணந்துகொள்ளுமாறு தோழி வற்புறுத்துவதை வரைவு கடாதல் என்று அகத்துறைகள் குறிப்பதால் இந்தப் பெயர் பொருந்தும். நீட்டிப்பவர் ஆணாகத்தான் இருப்பார் என்று கருதுவது பழைய பாடல்களை மட்டும் படித்தவர்களின் மயக்கம். மாமியார் வீட்டுச் சமையலறையை இரண்டு பொங்கலுக்குத் தொலைவிலிருந்து பார்த்துவிட்டு நீட்டிப்பவராக மாறிய பெண்கள் ஏராளம். எப்பாலாயினும், நீட்டிப்பவர் திருமணத்துக்கு எதிரி அல்லர். அப்படி யாராவது சொன்னால் மனம் புண்படுவார். "நமக்குள்ள செட் ஆகுமான்னு இன்னும் கொஞ்ச நாள் பார்த்துக்கலாமே" என்பதே அவரது முழுக் கொள்கை. "ஒன்பது வருஷமா என்னத்தப் பார்த்தே?" என்பது அதற்குக் கடாவுபவர் வழக்கமாகத் தரும் மறுமொழி.

உண்மையில் நீட்டிப்பவர் நிறையப் பார்த்திருக்கிறார். மின்விசிறி ஐந்தில் சுழலாவிட்டால் அவருக்கு உறக்கம் வராது; கடாவுபவருக்கு மூன்றுக்கு மேல் போனால் காலையில் தும்மல் வரும். ஒருவர் பயணத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே எழும்பூர் நிலையத்தில் நிற்பார். மற்றவர் தாம்பரத்தில் ஏறிக்கொள்ளலாம் என்பார். சாம்பாரில் வெல்லம் இடலாமா என்ற கேள்வி முதல் ஆண்டிலேயே எழுந்து, தீர்ப்பு ஒத்திவைக்கப்பட்டு, இன்றுவரை நிலுவையில் இருக்கிறது. இவை ஒவ்வொன்றையும் நீட்டிப்பவர் மறவாது குறித்து வைத்திருப்பதும், தேவைப்படும்போது நாள் கிழமையுடன் எடுத்துக்காட்டுவதும், வருமான வரி ஆய்வுக்குக் கணக்கு எழுதி வைக்கும் வணிகரிடம்கூடக் காண்பதற்கு அரிய ஒழுங்கு. இதே ஒன்பது ஆண்டுகளில் அந்த மின்விசிறி நான்கில் சுழலத் தொடங்கி நெடுநாளாயிற்று என்பது மட்டும் குறிப்பேட்டில் ஏறவில்லை.

பொருத்தம் பார்க்கும் வழக்கத்தின் இயல்பை இங்கே சற்று விரித்துரைப்பது தகும். தினம், கணம், யோனி, ரஜ்ஜு முதலான பத்துப் பொருத்தங்களை 27 நட்சத்திரங்களைக் கொண்டு கணிக்கும் சோதிட முறை, ஒருவரையொருவர் அறியாத இருவரைச் சேர்த்து வைக்கும் சமூகத்தில் புழங்குவது. பழகித் தெரிந்துகொள்ள வாய்ப்பில்லாத இடத்தில் அது ஒரு மாற்று ஏற்பாடு. தாலியின் ஆயுளோடு தொடர்புடையது என்று கருதப்படும் ரஜ்ஜு தட்டினால் சோதிடர் பத்து நிமிடத்தில் உதட்டைப் பிதுக்கிவிடுவார், தட்டாவிட்டால் தட்சிணையை வாங்கிக்கொள்வார். எப்படியும் அன்று மாலைக்குள் முடிவு தெரிந்துவிடும். பழகித் தெரிந்துகொண்ட இருவருக்கு இந்த ஏற்பாடு தேவையில்லை என்பது பொது அறிவு. நீட்டிப்பவரும் அதையே சொல்வார். பஞ்சாங்கத்தைக் கண்டால் சிரிப்பார். சிரித்து முடித்த கையோடு, மனிதரை 16 வகையாகப் பிரித்து நான்கு எழுத்துகளில் பெயர் சூட்டும் மையர்ஸ்-பிரிக்ஸ் ஆளுமைத் தேர்வைக் கைபேசியில் எழுதி, தம் எழுத்துகளும் துணையின் எழுத்துகளும் இரண்டு இடங்களில் மோதுவதைக் கவலையுடன் காட்டுவார். நட்சத்திரம் 27 இருக்க, அதைக் காட்டிலும் குறைந்த வகைகளை நம்புவது எவ்வாறு பகுத்தறிவு ஆகும் என்று கடாவுபவர் கேட்டால், அந்தக் கேள்வியே அவருடைய நான்கு எழுத்துகளுக்குரிய குணம் என்று விளக்கம் வரும்.

தொல்காப்பியரும் பத்துப் பொருத்தம் கூறியிருக்கிறார் என்பது சோதிடர்கள் நினைவுபடுத்தாத செய்தி. மெய்ப்பாட்டியலில் அவர் தலைவனுக்கும் தலைவிக்கும் வேண்டிய ஒப்புமைகளைப் பத்தாக எண்ணும்போது, பிறப்பு, ஆண்டு, உருவு ஆகியவற்றோடு அருளையும் உணர்வையும் சேர்க்கிறார். அடுத்து, காதலரிடம் இருக்கக் கூடாதவற்றைச் சொல்லும்போது வன்சொல், சோம்பல், மறதி, தன்னைத் தானே வியந்துகொள்ளுதல் ஆகியவையும் அந்த வரிசையில் இடம் பெறுகின்றன. நீட்டிப்பவர் முதல் வரிசையைக் கொண்டு துணையையும், கடாவுபவர் இரண்டாம் வரிசையைக் கொண்டு நீட்டிப்பவரையும் அளப்பதால், தொல்காப்பியம் இந்த வீட்டில் சமரசத்துக்குப் பயன்படுவதில்லை.

வாடகைக்கு வீடு தேடும் காலத்தில் இந்தக் கொள்கைப் போர் புதிய கட்டத்தை அடைகிறது. 'ஃபேமிலிக்கு மட்டும்' என்ற பலகைக்கு முன்னால் நின்று, "கல்யாணம் ஆயிடுச்சாம்மா?" என்று வீட்டுக்காரம்மா கேட்கும் கணத்தில், ஒன்பது ஆண்டுகளாக முடிவெடுக்க இயலாத நீட்டிப்பவர் அரை நொடியில் "ஆயிடுச்சுங்க" என்கிறார். கடாவுபவர் பெண்ணாக இருந்தால், கேட்டுக் கேட்டுக் கிடைக்காத மஞ்சள் கயிறு மறுநாளே கழுத்தில் ஏறுகிறது. பத்து மாத அட்வான்ஸுக்காகக் கட்டப்பட்ட அந்தத் தாலியை எண்ணி அவர் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் பால் காய்ச்சுகிறார். தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு வழக்கில், திருமணத்தை ஒத்த உறவு எது என்று விளக்கிய உச்ச நீதிமன்றம், அவ்விருவரும் தங்களைக் கணவன் மனைவி போலவே சமூகத்துக்குக் காட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்பதை நிபந்தனைகளுள் ஒன்றாக 2010இல் கூறியது. வீட்டுக்காரம்மாவைச் சமூகமாகக் கொண்டால், நீட்டிப்பவர் வாடகைக்காகச் சொன்ன பொய் சட்டத்தின் கண்ணில் பாதித் திருமணம். இதை அவரிடம் யாரும் சொல்வதில்லை. சொன்னால் வீட்டைக் காலி செய்துவிடுவார் என்ற அச்சமே காரணம்.

சட்டம் இவர்களுக்கு வேண்டிய அளவு வழி விட்டிருக்கிறது. இந்துக்களுக்குச் சுயமரியாதைத் திருமணத்தைச் செல்லுபடியாக்கி அண்ணாவின் ஆட்சி 1967இல் கொண்டுவந்த திருத்தத்தின்படி, உற்றார் நண்பர் முன்னிலையில் ஒருவரையொருவர் ஏற்பதாக இருவரும் அறிந்த மொழியில் சொன்னாலும், மாலை மாற்றினாலும், மோதிரம் அணிவித்தாலும், தாலி கட்டினாலும் மணம் முடிந்துவிடும். இத்தனை எளிதாக இருப்பதுதான் நீட்டிப்பவரை அச்சுறுத்துகிறது. ஆகவே அவர் 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தை விரும்புகிறார். அதில் அறிவிப்பு கொடுத்து, ஆட்சேபணைக்கு 30 நாள் விட்டு, மூன்று சாட்சிகளுடன் கையொப்பமிட வேண்டும் என்பதோடு, அறிவிப்பு கொடுத்த மூன்று மாதத்துக்குள் மணம் நடக்காவிட்டால் அந்த அறிவிப்பே காலாவதியாகும் என்ற அருமையான பிரிவும் இருக்கிறது. சாட்சிக் கையெழுத்துப் போடுவதற்காக முதல் அறிவிப்பின்போது விடுப்பு எடுத்த நண்பர்கள் மூவரும் பின்னர்த் தாங்கள் மணந்து, பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளைகளை யுகேஜியில் சேர்த்துவிட்டு, இன்னும் ஆதார் நகலைப் பையில் வைத்திருக்கிறார்கள். அகப்பாட்டுத் தோழிக்கு இவ்வளவு அலைச்சல் இருந்ததில்லை.

அத்தோழியிடம் வேறொரு கருவி இருந்தது. அயலார் பெண் கேட்டு வருவதை நொதுமலர் வரைவு என்பர். அதைத் தலைவன் காதில் போட்டால் அவன் விரைந்து வருவான். இன்று அந்தப் பணியைக் கடாவுபவரின் தாயார், மேட்ரிமோனி செயலியில் படம் ஏற்றுவதன் மூலம் செய்கிறார். ஆனால் உண்மையில் நீட்டிப்பவரை உலுக்குவது கடாவுபவரின் மௌனமே. சலித்துப்போன கடாவுபவர் ஒரு தை மாதத்தில் கேட்பதை நிறுத்திவிட்டால், மாசிக்குள் நீட்டிப்பவருக்கு உறக்கம் போய்விடும். பங்குனியில் அவரே முகூர்த்தத் தேதிகளை அனுப்பத் தொடங்குவார். அப்போது கடாவுபவர் நிதானமாக, "நானும் கொஞ்சம் யோசிக்கணும்" என்பார். சாம்பாரில் வெல்லம் பற்றிய பழைய கோப்பு இம்முறை எதிர்த்தரப்பிலிருந்து திறக்கப்படும். பாத்திரங்கள் இவ்வாறு இடம் மாறிய பின்னர் இன்னும் இரண்டு ஆண்டுகள் எளிதாகக் கழியும்.

இவர்களுள் ஒரு பகுதியினர் இறுதியில் மணந்துகொள்கிறார்கள் என்பதையும் பதிவு செய்ய வேண்டும். மணந்த ஓராண்டுக்குள் எழும் பூசல், மண நாளை எந்தத் தேதியிலிருந்து கணக்கிடுவது என்பது பற்றியதாக இருக்கிறது. கடாவுபவர் சான்றிதழில் உள்ள தேதியைக் காட்டி, இது முதலாம் ஆண்டு நிறைவு என்கிறார். இத்தனை காலம் அந்தத் தாளுக்கு மதிப்பில்லை என்று வாதாடிய நீட்டிப்பவரோ, கல்லூரிப் பேருந்து நிறுத்தத்தில் பேசிய முதல் நாளிலிருந்தே எண்ண வேண்டும் என்றும், அதன்படி தமக்குப் பன்னிரண்டாண்டுப் பணி மூப்பு உண்டு என்றும், அதற்குரிய மரியாதை வீட்டில் கிடைப்பதில்லை என்றும் முறையிடுகிறார்.