ஏரி கண்டார்

வேளச்சேரியில் எங்கள் தெருமுனையில் மாலை வேளைகளில் கைத்தடியோடு நிற்கும் பெரியவரிடம் தயவுசெய்து யாரும் வழி கேட்காதீர்கள். அவர் வழி தெரியாதவர் அல்லர். அங்குலம் அங்குலமாகத் தெரிந்தவர்தாம். ஆனால் அவருக்குத் தெரிந்திருப்பது நாற்பது வருஷத்துக்கு முந்திய வழி. போன வாரம் ஒரு பையன், முதுகில் தன்னைவிட அகலமான சிவப்புப் பெட்டி ஒன்றைக் கட்டிக்கொண்டு, கைப்பேசியின் வரைபடமும் கைவிட்டுவிட்ட துர்ப்பாக்கியத்தால் அவர் முன்னால் வந்து வண்டியை நிறுத்தினான்.

"நேரே போ தம்பி. மதகு வரும். மதகில் எறங்காம கரையோடவே போனா மூணு பனைமரம். மூணாவது பனைக்கு இந்தாண்ட திரும்பினா கலங்கல். கலங்கலுக்கு எதிர்த்த வீடு" என்றார்.

"மதகுன்னா எந்தக் கடை சார்?"

"கடை இல்லப்பா. மதகு. தண்ணி போற மதகு."

மதகு இருந்த இடத்தில் மருந்துக்கடை வந்து பதினைந்து வருஷம் ஆகிறது. பனைமரங்கள் மூன்றும் முறையே ஏ.டி.எம்., அழகு நிலையம், அடகுக்கடை என்று அவதாரம் எடுத்துவிட்டன. கலங்கலின் தலைமேல் ஐந்து மாடி நிற்கிறது. இவ்வளவையும் அறிந்தவரே அவர். மருந்துக்கடையில்தான் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை வாங்குகிறார். ஆயினும் 'மருந்துக்கடை' என்ற சொல்லை அவர் வாயிலிருந்து வரவழைப்பது பிரம்மப் பிரயத்தனம். பையன் முக்கால் மணி நேரம் பனைமரம் தேடி அலைந்தான். அந்தப் பெட்டிக்குள் இருந்த மசால் தோசை என்னுடையது. ஆகவே இந்தக் கட்டுரையில் ஆங்காங்கே சற்றுக் காரம் தூக்கலாகத் தென்பட்டால், அதன் மூலகாரணத்தை வாசகர்கள் அறிந்துகொள்வது நல்லது.

அந்தக் காலத்து ராஜாக்கள் கங்கை கொண்டான், கடாரம் கொண்டான் என்று தாங்கள் கொண்டவற்றால் பட்டம் பெற்றார்கள். நம்முடைய பெரியவர் எதையும் கொண்டதாகச் சொல்லுவதில்லை, கண்டார், அவ்வளவே. ஆகவே அவரை நான் ஏரி கண்டார் என்றே குறிப்பிடுவேன். சென்னையில் பேட்டைக்கு ஒருவர் இப்படி இருக்கிறார். ஒரு பேட்டையில் அவர் தோப்பு கண்டார். இன்னொன்றில் வயல் கண்டார். நகரத்தின் விளிம்பில் புதிதாக முளைத்திருக்கும் நகர்களில், நாற்பது வயதுகூட நிரம்பாத பொட்டல் கண்டார்களும் இப்போது உற்பத்தியாகிவிட்டார்கள்.

ஏரி கண்டாருக்கு இந்த ஊர் ஜனநெரிசலைக் குறித்து ஒரு சித்தாந்தம் உண்டு. அவர் திருநெல்வேலிச் சீமையிலிருந்து உத்தியோக நிமித்தம் சென்னைக்கு வந்தது 1983-ல். 1981 மக்கள்தொகைக் கணக்குப்படி மாநகரில் சுமார் 33 லட்சம் பேர் இருந்தார்கள். அவர் அபிப்பிராயத்தில் அந்த முப்பத்து மூன்று லட்சம் பேரும், அவர்களோடு வந்து சேர்ந்த அவரும், அவர் சம்சாரமும், ஒரு டிரங்குப் பெட்டியும் ஊர்க்காரர்கள். அதற்கு அப்பால் வந்தவர்கள்தாம் கூட்டம். 2011-ல் பழைய எல்லைக்குள்ளேயே 46 லட்சத்தைத் தாண்டிவிட்டது என்று நான் ஒருமுறை சொன்னபோது, அந்த வித்தியாசமான பதின்மூன்று லட்சத்தையும் நானே மூட்டை கட்டிக்கொண்டுவந்து எழும்பூரில் இறக்கியதைப்போல என்னைப் பார்த்தார்.

"நான் மனை வாங்கினப்போ தம்பி, சாயந்தரம் ஆறு மணிக்கு மேல இங்க நரி ஊளையிடும்" என்பது அவருடைய சம்பாஷணைக்குப் பிள்ளையார் சுழி. அடுத்தபடியாக மனையின் விலை. இவ்விஷயத்தில் அவர் ஞாபகசக்தி வருஷத்துக்கு வருஷம் சிக்கனமாகிக்கொண்டு வருகிறது. நான் எதிர்வீட்டுக்குக் குடிவந்த புதிதில் அந்த ஒரு கிரவுண்டின் விலை இருபத்தெட்டாயிரமாக இருந்தது. மெட்ரோ ரயில் ஓட ஆரம்பித்த வருஷம் இருபத்திரண்டாயிரத்துக்கு இறங்கியது. சென்ற பொங்கலன்று பதினான்காயிரம். இவருக்கு இன்னும் பத்து வருஷம் ஆயுள் கெட்டியாக இருக்குமானால், விற்றவனே கையில் பணம் கொடுத்து, மனையை வாங்கிக்கொள்ளும்படி காலில் விழுந்தான் என்கிற கட்டத்துக்குக் கதை வந்து சேரும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது, அவர் கிருகப்பிரவேசங்களுக்கு வருவது. புதிதாக ஃபிளாட் வாங்கிய ஒரு தம்பதி, இருபது வருஷத் தவணைக்கு வங்கியில் தலையை அடகு வைத்துவிட்டு, அந்தப் பயத்தை மறப்பதற்காகவே நாலு பேரை அழைத்துப் பால் காய்ச்சுகிறார்கள். ஏரி கண்டார் வருகிறார். வெண்பொங்கலை நிதானமாக ருசிக்கிறார். பிறகு எழுந்து, பளபளக்கும் தரை ஓட்டைக் கைத்தடியால் இரண்டு தட்டுத் தட்டி, காதைச் சாய்த்துக் கேட்கிறார். வைத்தியர் நெஞ்சைத் தட்டிப் பார்ப்பதைப்போல. "இங்க ஆள் ஒசரம் தண்ணி நிக்கும்" என்கிறார். பூஜை அறைப் பக்கம் தடியை நீட்டி, "அந்த மூலையில கெண்டை வாரி வாரிப் பிடிச்சிருக்கோம்" என்கிறார். சமையலறையில் நீர்க்காகம் உட்காரும் இடத்தைக் காட்டுகிறார். ஆதம்பாக்கம் ஏரி நிறைந்தால் தண்ணீர் வேளச்சேரிக்கு வரும், வேளச்சேரி நிறைந்தால் பள்ளிக்கரணைச் சதுப்புக்குப் போகும், அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகத்தான் கடலுக்குப் போக வேண்டும் என்று, பூகோள உபாத்தியாயரைப்போல அவர் விஸ்தரித்து முடிக்கும்போது, வீட்டுக்காரர் முகத்தில் ஈயாடுவதில்லை. அந்த அம்மாள் வெற்றிலைத் தட்டை நீட்டும்போது கை நடுங்குகிறது. அவர் சொன்னதில் ஓர் எழுத்தும் பொய்யில்லை. ஆனால் பத்திரம் பதிவான பிறகு சொன்னால் யாருக்கு என்ன பிரயோஜனம்? பேரம் நடக்கும்போது அவரைத் தேடினால் அகப்படமாட்டார்.

அவர் சம்சாரத்துக்கு இந்த ஏரிப் புராணத்தில் லவலேசமும் சிரத்தை கிடையாது. "இவுகளுக்கு என்ன தம்பி, காலைல போயி ராத்திரி வருவாக. எனக்குல்ல தெரியும்! கருவேப்பிலை வேணும்னாலும் சைதாப்பேட்டைக்குப் போகணும். பிள்ளைக்குக் காய்ச்சல்னா ஆட்டோ வராது. குளிமுறியில சாரைப்பாம்பு. இப்பத்தான் மனுசக் குரல் கேட்டுக்கிட்டு நிம்மதியா இருக்கேன்" என்பார்கள். மேல்மாடியில் நாலைந்து பேராகக் கூடிக் குடியிருந்த கம்ப்யூட்டர்ப் பிள்ளைகள் ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் பாட்டுப் போட்டால், ஏரி கண்டார் ஜன்னலைச் சாத்துவார். அந்த அம்மாள் திறந்து வைப்பார்கள். நகரம் என்பதைக் குறித்து இதைவிடச் சுருக்கமான விவாதத்தை நான் எங்கும் கேட்டதில்லை.

ஒரே ஒருமுறை அவர் வாயடைத்து நின்றதைப் பார்த்திருக்கிறேன். தியாகராயநகரில் ஒரு கல்யாணப் பந்தி. வழக்கம்போல நரியில் ஆரம்பித்து ஏரிக்கு வந்து சேர்ந்தவரை, பக்கத்து இலையில் பாயசத்தை நிதானமாக வழித்துக்கொண்டிருந்த ஒரு தொண்டு கிழவர், "நீங்க எந்த ஏரியைச் சொல்றேள்?" என்று கேட்டார். வேளச்சேரி ஏரி என்றார் நம்மவர். "அதுவா? அது நேத்திக்கு மூடினது. இப்போ நீங்க உட்கார்ந்து சாப்பிடறேளே, இதுவே ஏரிதான். மயிலாப்பூர்லேர்ந்து நுங்கம்பாக்கம் வரைக்கும் ஒரே தண்ணி. லாங் டாங்க்னு பேர். அதை வடியவிட்டு மனை போட்டப்போ எங்க அப்பாவுக்குப் பத்து வயசு" என்றார் அவர். வாஸ்தவம். 1920-களில் சர்க்காரே திட்டம் போட்டு அந்த நெடிய ஏரியைத் தூர்த்து, சர் பிட்டி தியாகராயர் பெயரில் நகரும் பனகல் ராஜா பெயரில் பூங்காவும் அமைத்தது. மிஞ்சிய நுங்கம்பாக்கத்து ஏரியும் பிறகு தூர்ந்து, 1976-ல் அங்கே வள்ளுவர் கோட்டம் எழும்பியது. ஏரி கண்டார் பேச்சு மூச்சில்லாமல் மோர் சாதத்தைப் பிசைந்தார். திரும்பி வரும்போது ரயிலில் வெகுநேரம் கழித்து, "அதுல நரி கிடையாது" என்றார்.

அந்த அவமானத்துக்குப் பரிகாரமாகத்தானோ என்னவோ, மறுவாரம் தம் கிரயப் பத்திரத்தையே எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிட்டார். பழுப்பேறி, மடிப்புகளில் கிழிந்து, பின்புறம் செல்லோடேப் ஒட்டிய முத்திரைத்தாள்கள். நான்கெல்லை விவரத்தில் விரலை வைத்து, "வாசியுங்க" என்றார். வாசித்தேன். தெற்கே இருபதடிப் பாதை. கிழக்கிலும் மேற்கிலும் மனைகள். 'வடக்கே ஏரி உள்வாய்'.

"பாத்தியளா? சர்க்கார் முத்திரை போட்டு எழுதியிருக்கு, ஏரின்னு!"

நான் அதற்கு அடுத்த வரியையும் பார்த்துவிட்டேன். கிழமேல் ஜாதியடி நாற்பது, தென்வடல் ஜாதியடி அறுபது, ஆக 2,400 சதுர அடி. அன்று சாயந்தரம் அவர் வீட்டுப் பக்கவாட்டு மதிலை ஒட்டி, கொத்துமல்லி வாங்கப் போகிறவனைப்போல, அடியெண்ணி நடந்தேன். எனக்கு ஒரு எட்டு இரண்டரை அடி. தெற்கு மூலையிலிருந்து வடக்கு மூலைக்கு இருபத்தெட்டு எட்டு வந்தது. அறுபதடி மனைக்கு எழுபதடி மதில். மிகுதிப் பத்தடியில் ஒரு கார் ஷெட்டும், காய்ப்பில் குறைவைக்காத ஒரு முருங்கைமரமும் இருந்தன.

மனசு கேட்காமல் ஒரு நாள் கேட்டே விட்டேன். அவர் கோபிக்கவில்லை, என் கேள்வியே அவருக்கு விளங்கவில்லை என்று தோன்றிற்று. "அது சும்மாத்தானே தம்பி கிடந்தது" என்றார்.

இவ்வளவும் எழுதியான பிறகு, 2015 டிசம்பர் முதல் தேதி ராத்திரியைப் பற்றி எழுதாமல் விட்டால் எனக்குச் சோறு இறங்காது. மழை கொட்டுகிறது, மின்சாரம் போய்விட்டது. நாங்கள் கீழ்வீட்டுக்காரர்கள், வாசற்படி நனைவதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கிறோம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, டார்ச் விளக்கோடு ஏரி கண்டார் கதவு கதவாகத் தட்டிக்கொண்டு வந்தார். "வண்டியை விடுங்க, பிள்ளைகளைத் தூக்குங்க. மேற்கேயிருந்து வராது, வடக்கேயிருந்து வரும். மதகு வழியா வரும்" என்றார். மருந்துக்கடைப் பக்கமிருந்துதான் வந்தது. ஒரு மணி நேரத்தில் இடுப்பளவு. அந்த மூன்று நாட்களும் அவர் வீட்டு மாடியில், மூன்று அறைகளில், இருபத்து மூன்று பேர் இருந்தோம். தவிர, ஒரு நாயும் மருந்துக்கடைக்காரரும். அம்மாள் பால்பவுடரில் காபி கலந்தார்கள். பெரியவர் டம்ளர் டம்ளராகக் கொண்டுவந்து கொடுத்தார். சென்னைப் பட்டணத்திலேயே நெரிசல் மிகுந்த அந்த வீட்டில், கூட்டம் ஜாஸ்தி என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. படுக்க இடம் போதாமல் தாம் மாடிப்படியில் உட்கார்ந்தபடியே தூங்கினார். நாலாம் நாள் தண்ணீர் வடிந்தபோது, வடக்கு மதில் சாய்ந்து கிடந்தது. கார் ஷெட் இருந்த இடத்தில் தகரம் ஒன்றுமில்லை. முருங்கைமரத்தை எங்கே கொண்டு போயிற்றோ தெரியவில்லை.

மதிலை மறுபடியும் கட்டினார். நான் எட்டு வைத்து அளந்தேன். இருபத்தெட்டு.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்த வீடு பில்டருக்குப் போய்விட்டது. பாதிக்குப் பாதி, எட்டு ஃபிளாட்டில் நாலு அவருக்கு, நாலு பில்டருக்கு. ஒரு குடும்பமும் நாலைந்து கம்ப்யூட்டர்ப் பிள்ளைகளும் இருந்த மனையில் இப்போது எட்டுக் குடும்பம் இருக்கும். எட்டுக் குடும்பத்துக்கும் தண்ணீர் லாரி வரும்; அதிகாலையில் அந்த லாரி பின்னுக்கு வரும்போது போடுகிற சங்கீதத்தை நான்தான் கேட்டுத் தொலைக்க வேண்டும். ஏற்கெனவே என் வாசலில் யாரோ ஒருவருடைய கார் நிற்கிறது. கதவைத் திறந்து ஸ்கூட்டரை வெளியே எடுக்க எனக்குத் தினமும் கால் மணியாகிறது. இதில் ஹாஸ்யம் ஒன்றுமில்லை. தெருமுனையில் நின்றுகொண்டு "எங்க பாத்தாலும் கட்டடமாக் கட்டித் தள்ளுறான்" என்று அவர் என்னிடமே சொல்லும்போது மட்டும், அந்த டிசம்பர் ராத்திரியை நினைத்துக்கொண்டு வாயை மூடிக்கொள்கிறேன்.

கட்டடம் அநேகமாக முடிந்துவிட்டது. அவர் பங்குக்கு வந்த நாலில் ஒன்றில் தாம் இருக்கப் போகிறார், ஒன்று பெண்ணுக்கு, மற்ற இரண்டுக்கும் ஆள் தேடிக்கொண்டிருக்கிறார். விளம்பரத் தாளில் 'ஏரிக்காற்று' என்று போட்டிருக்கிறது. வண்டி நிறுத்தும் இடத்தைத் தெருமட்டத்துக்கு நாலடி பள்ளமாகத் தோண்டிக் கட்டியிருக்கிறார்கள். வாங்க உத்தேசமுள்ளவர்கள் பங்குனி, சித்திரையில் வந்து பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுத்துவிட வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் வந்து பார்ப்பது உத்தமம். வழியை மட்டும் மருந்துக்கடையில் கேளுங்கள்.