கிளிசரினை மஞ்சளாகவே வைத்திருப்பது எப்படி?

உங்கள் பிளான்ட்டில் ஆக்டிவேட்டட் கார்பன் தொட்டி இருக்கிறதா? நல்லது. பாதி வழிமுறை உங்களுக்குப் பழக்கமானதுதான்.

1. கரி வாங்கும்போது அயோடின் நம்பரை மட்டும் பாருங்கள். ஒரு கிராம் கரி எத்தனை மில்லிகிராம் அயோடினைப் பிடிக்கும் என்ற கணக்கு அது. 1000-ஐத் தாண்டினால் ஆர்டர் போட்டுவிடுங்கள். "சார், நம்ம சரக்குல இருக்கிறது அயோடின் இல்லையே, அதைவிடப் பெரிய நிற மூலக்கூறாச்சே" என்று லேப் பையன் இழுத்தால், "டீ குடிச்சியாப்பா?" என்று கேளுங்கள். கொட்டாங்குச்சிக் கரியின் துளைகள் மிக நுண்ணியவை, பெரிய நிறங்களுக்கு மரக்கரிதான் தோது என்பதெல்லாம் பர்ச்சேஸுக்கு எதற்கு?

2. மூட்டைகளைத் தின்னர் டின்களுக்குப் பக்கத்தில் அடுக்குங்கள். கரி ஆள் பார்க்காது. எந்த ஆவி வந்தாலும் பிடித்துக்கொள்ளும். பாதி வேலை கோடவுனிலேயே முடிந்துவிடும்.

3. தொட்டியில் கொட்டிய கையோடு ஓட்டுங்கள். ஊறவைத்துத் துளைக்குள் இருக்கும் காற்றை வெளியேற்றுவது, கீழிருந்து தண்ணீர் விட்டுத் தூசியை அலசுவது, இதெல்லாம் வேலையில்லாதவர்கள் செய்வது. முதல் டிரம்மில் கறுப்பாக மிதந்தால், "செட்டில் ஆயிடும் சார்."

4. டார்கெட் எட்டவில்லையா? வால்வை முழுசாகத் திறங்கள்.

5. இரண்டு தொட்டிகளை வரிசையாக வைத்திருக்கிறீர்கள். முதலாவது களைத்ததும் அதில் புதுக்கரி நிரப்பி, அதைப் பின்னால் போட வேண்டும். போடாதீர்கள். நடுவில் சாம்பிளும் எடுக்காதீர்கள்; எடுத்தால் உண்மை தெரியும், தெரிந்தால் செலவு. நிறம் கசிவதைக் கஸ்டமர் போன் போட்டுச் சொல்வார். அவருக்கும் ஒரு வேலை வேண்டாமா?

6. பக்கத்து ஷெட்டில் கரைப்பான் ஆவி பிடிக்கும் கரிப்படுகை இருந்தால், அதில் மெத்தில் எத்தில் கீட்டோனை ஓட்டி, காற்றை நிறுத்திவிட்டுத் தீபாவளி லீவுக்குக் கிளம்புங்கள். கீட்டோன் கரியின்மேல் ஆக்ஸிஜனோடு சேர்ந்து சூடாகும். சூடு வெளியேற வழியில்லாவிட்டால் படுகையே பற்றிக்கொள்ளும். பட்டாசுச் செலவு மிச்சம்.

7. கரி மாற்றத் தொட்டிக்குள் ஆளை இறக்குவது எப்படி என்று மட்டும் இந்த முறையில் சொல்ல மாட்டேன். ஈரக்கரி மூடிய தொட்டியிலுள்ள ஆக்ஸிஜனை உறிஞ்சிவிடும். உள்ளே போனவர் மயங்கி விழுவார், தூக்கப் போனவரும் விழுவார். மீட்டர் வைத்துப் பார்க்காமல் யாரையும் இறக்காதீர்கள்.