பென்சில் கோட்டின் தடிமன்

மலையடிவார நிலங்களுக்கு வரைபடம் தீட்டி, மனைக்கு ஒப்புதல் தந்து, பிறகு ஆறுதல் சொல்லவும் நேரில் வந்துவிடும் மாட்சிமை பொருந்திய அலுவலகங்கள் அனைத்துக்கும் வணக்கம்.

2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயல் மழையில் திருவண்ணாமலை மலைச்சரிவிலிருந்து மண்ணும் பாறையும் இறங்கி, வ.உ.சி. நகர் 11-ஆவது தெருவில் ஐந்து குழந்தைகள் உட்பட ஏழு பேரைப் புதைத்தன. அதன் பிறகு வல்லுநர்கள் வந்து மலையை ஆராய்ந்தார்கள். இந்த வரிசைமுறையின் நேர்த்தியை மெச்சத்தான் வேண்டும். எந்தப் பாறை விழும் என்ற ஊகத்துக்கே வேலையில்லை பாருங்கள், விழுந்தது கண்முன் கிடக்கிறது.

வரைபடமே இல்லை என்று சொல்லும் நன்றிகெட்டவர்கள் அல்ல நாங்கள். நாட்டின் மலைப்பகுதிகளுக்கென இந்தியப் புவியியல் ஆய்வு மையம் 2014-இல் தொடங்கிய நிலச்சரிவு வரைபடப் பணியின் அளவுகோல் 1:50,000. அதில் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் ஐம்பது மீட்டர். அரை மில்லிமீட்டர் பென்சிலால் எல்லை போட்டால் கோடே இருபத்தைந்து மீட்டர் அகலம். ஒரு தெருவும் அதன் இருபக்க வீடுகளும் கோட்டுக்குள்ளேயே குடியிருந்துவிடலாம். ஆபத்துப் பகுதிக்கு உள்ளேயா வெளியேயா என்று யாராவது கேட்டால், "பென்சிலில்" என்று சொல்லிவிடலாம். மாவட்டம் முழுவதையும் ஒரு பார்வை பார்க்க அந்த அளவுகோல் போதும், ஒரு மனைக்குக் கையெழுத்துப் போடப் போதாது. தவிர, மலை எங்கே சரியக்கூடும் என்பதைத்தான் அது காட்டுகிறது. சரிந்தது எங்கே வந்து நிற்கும் என்பதல்லவா அடிவாரத்துக்காரருக்கு வேண்டும்?

அதைக் கணக்கிடுவது தெய்வரகசியம் ஒன்றும் இல்லை. பாறையின் விரிசல்களைக் குறிப்பது, பழைய கற்கள் எதுவரை உருண்டு வந்து கிடக்கின்றன என்று நடந்து பார்ப்பது, சரிவின் கோணத்தை வைத்துப் புதிய கல் எவ்வளவு தூரம் ஓடும் என்று போட்டுப் பார்ப்பது. சுவிட்சர்லாந்தில் மோதும் ஆற்றல் 300 கிலோஜூலைத் தாண்டக்கூடிய இடத்தைச் சிவப்பாக்கி, அங்கே புதுக் கட்டடமே கூடாது என்கிறார்கள். இடுப்புயரம்கூட இல்லாத ஒரு டன் கருங்கல் மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் வந்தாலே அந்த வரம்பு தாண்டிவிடும். உங்கள் பென்சிலைத் தாண்ட அவ்வளவு வேகம்கூடத் தேவையில்லை.

மழை வரலாறு காணாதது என்பீர்கள். சரிதான், ஆனால் எப்போது விழும் என்பதில்தான் மழைக்குப் பங்கு, எங்கே விழும் என்பதைச் சரிவு முன்பே முடிவு செய்துவிட்டது. எல்லா மலைகளையும் அளக்க ஆளும் பணமும் இல்லை என்பீர்கள். எல்லா மலைகளையும் யார் கேட்டார்கள்? கீழே வீடு இருக்கும் சரிவுகளில் தொடங்கினால் போதும். அங்கே குடியிருப்பவர்கள் ஆக்கிரமிப்பாளர்கள் என்பது உங்களுக்குப் பிடித்தமான பதில். 11-ஆவது தெரு என்று எண் போடும்வரை முந்தைய பத்துத் தெருக்களும் உங்கள் கண்ணில் படவில்லையா? வேறெங்கும் நிலம் வாங்க முடியாத ஏழை மலையை ஒட்டிக் கட்டும்போது மௌனம், செத்தபின் சட்டம். இது நிர்வாகம் இல்லை, வெட்கக்கேடு. மன்னிக்க வேண்டும், பென்சில் சற்று அழுத்திவிட்டது.

தங்கள் பெருந்தன்மையை நம்பி ஒரே ஒரு கோரிக்கை. சர்வே எண் தெரியும் அளவுக்குப் பெரிதாக அடிவார வரைபடம் ஒன்று போட்டு, அதில் மனைக்கு விழும் ஆபத்து நிறத்தைப் பட்டாவிலும் மனை ஒப்புதலிலும் அச்சிடுங்கள். சிவப்பில் ஏற்கெனவே குடியிருப்பவருக்கு அதே ஊரில், வேலைக்கு நடந்து போகும் தூரத்தில் மாற்று வீடு கொடுத்துவிட்டுப் பிறகு காலி செய்யச் சொல்லுங்கள். நிறத்தை அச்சிட்டால் மனை விலை இறங்குமே என்று விற்பனையாளர்கள் முறையிடுவார்கள். அவர்களையும் அந்தத் தெருவிலேயே ஒரு வீடு கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள், ஒப்புதலுக்குத் தங்கள் பென்சில் இருக்கவே இருக்கிறது.